துச்சாதனன் விரதம்

மே 9

நெல்லிக்குப்பம் பக்கத்து ஊரில் திரௌபதி அம்மனுக்குக் கொடி ஏறியது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம் நடக்கிறது. எங்கள் கூத்துக் குழுவான ஜமாவின் ஆட்டம் அடுத்த வாரம்தான், அதில் நான் துச்சாதனன் வேஷம் கட்டுகிறேன். ஆனாலும் இன்றே கவிச்சியை விட்டுவிட்டேன். மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கப் போனார். 'கூத்து முடியட்டும்' என்று என் மனைவி அனுப்பிவிட்டாள். என் படுக்கை திண்ணைக்கு வந்தாயிற்று. கல்யாணமான வருஷத்திலிருந்து அவளுக்கு இது பழக்கம். என் விரதத்தில் பாதி அவளுடையது.

மே 14

வேஷத்துக்குப் பூட்டும் மர அணிகலன்களான கட்டைகளை எடுத்துத் துடைத்தேன். புஜக்கட்டை இரண்டும் கல்யாண முருங்கையில் செய்தவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் முந்திரித் தோப்பே படுத்துவிட்டது. வேலியோரம் விழுந்த இந்த மரத்தை மட்டும் அறுத்து உலர வைத்தேன். லேசான மரம், விடியும்வரை தோளில் கிடந்தாலும் இழுக்காது. உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளுக்குப் பேரன் பசை தடவிக் கொடுத்தான்.

"கெட்டவனுக்கு ஏன் தாத்தா இவ்வளவு அலங்காரம்?"

துச்சாதனன் இழுத்தால்தானே அம்மன் கூந்தலை விரித்துச் சபதம் போடுவாள், அப்புறம்தானே பாரதப் போர் என்றேன். பையன் ஒப்புக்கொள்ளவில்லை.

மே 17

நேற்றிரவு துகிலுரிதல்.

சிவப்பு அரிதாரம் பூசியதும் நான் யாரிடமும் பேசுவதில்லை. நடுச்சாமத்துக்கு மேல் திரை பிடித்தார்கள். விருத்தப் பாட்டை எடுத்தேன், முகவீணை என்ற சிறு குழலை ஊதுகிறவர் என் குரலைக் கீழே விடாமல் தாங்கிப் பிடித்தார். சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, திரௌபதி வேஷம் கட்டியவனுக்குக் கற்பூரம் காட்டினோம். என் மகன் வயதுதான் இருக்கும். அந்த நேரத்தில் அவன் அம்மன். காலில் விழுந்து, 'தாயே, வேஷத்துக்காகத் தொடுகிறேன், பொறுத்துக்கொள்' என்று சொல்லித்தான் தொட்டேன். சனம் எழுந்து நின்றது. அவன் கோவிந்தா என்று கதறியபோது என் கை தானாக நடுங்கியது. அதை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

திரௌபதி கட்டுகிறவன் சுத்தமாக இருந்தால் போதும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் சம்மதமில்லை. பாவத்தைச் செய்து காட்டும் கைக்குத்தான் விரதம் அதிகம் வேண்டும். சுத்தமில்லாமல் தொட்டால் அது கூத்தே இல்லை, ஊர் நடுவே ஒரு பெண்ணை நிஜமாகவே அவமானம் செய்வது. குடித்துவிட்டு இந்த வேஷம் கட்டுகிறவனோடு நான் ஒரே பந்தலில் ஆடமாட்டேன்.

மே 26

காலையில், போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளம். களிமண் துரியோதனன் கோயில் முன்னால் நீளமாகக் கிடந்தான். அம்மன் கூந்தல் முடித்தாள். சாயங்காலம் தீமிதி. ஜமாக் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டோம்.

முட்டி வீங்கியிருக்கிறது. மனைவி நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். அருகில் உட்கார்ந்திருந்த பேரன் திடீரென்று, "எனக்கும் அடவு சொல்லிக் கொடுப்பீங்களா?" என்றான். ஆடி கழியட்டும் என்றேன். முதலில் பெண்வேஷம்தான் தருவேன் என்றும் சொன்னேன். துச்சாதனன் கேட்பான் என்று நினைத்தேன், சரி என்று தலையாட்டினான். குரல் கணீரென்று இருக்கிறது, நாளையே சுருதிப்பெட்டியோடு பாட வைத்துப் பார்க்க வேண்டும். அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.