ஒரே வகுப்புப் பெடியள் இரண்டு பேரும் எண்ணெய் விடாத காற்றாலையும்

பழைய மாணவர் மலரில் கௌபாய் படத்துக்கு என்ன வேலை என்று மலர்க்குழு கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. இயக்குநர் செர்ஜியோ லியோனேயும் இசையமைப்பாளர் என்னியோ மொரிக்கோனேயும் 1930-களில் ரோமில் ஒரே தொடக்கப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவரும் நிற்கும் அந்த வகுப்புப் படம் இன்றும் இருக்கிறது. பிறகு கால் நூற்றாண்டு தொடர்பே இல்லை. தன் கௌபாய் படத்துக்கு இசை கேட்டு லியோனே வீட்டு வாசலுக்கு வந்தபோது, முகத்தைப் பார்த்து முதலில் ஆளை அடையாளம் பிடித்தவர் மொரிக்கோனேதான். பழைய மாணவர் சந்திப்பினால் உலகத்துக்குக் கிடைத்த பயன் என்று இதைத்தான் நான் சொல்வேன்.

நம் விடுதிக் காலத்தில் இந்தப் படங்களைப் பற்றிக் கதைத்ததெல்லாம் எத்தனை பேர் விழுந்தார்கள், யார் முதலில் துவக்கை எடுத்தான் என்பதுதான். கொட்டகைக்கு வந்த பிரதிகளும் கீறல் விழுந்து, வெட்டி ஒட்டி, கரகரத்தவை. ஆகவே படத்தின் பாதி நம் காதுக்கு வந்து சேரவில்லை. இப்போது சங்கத்துப் பட இரவுக்கு இவற்றைப் போடுவதென்றால் அந்தப் பாதியைக் கவனித்தே போட வேண்டும்.

முதலில் ஒரு அமெரிக்கப் படம்: ஹோவர்ட் ஹோக்ஸின் 'ரியோ பிராவோ' (1959). சிறைக்கு வெளியே வில்லனின் ஆட்கள் இரவெல்லாம் ஒரு ட்ரம்பெட் மெட்டை வாசிக்க வைப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். திமித்ரி தியோம்கின் போட்ட அந்த மெட்டைப் போல ஒன்று வேண்டும் என்று லியோனே 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டொலர்ஸ்' (1964) கடைசிச் சண்டைக்குக் கேட்டார். மொரிக்கோனே தான் முன்னர் எழுதிவைத்திருந்த ஒரு தாலாட்டை எடுத்து ட்ரம்பெட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பழைய அமெரிக்க வெஸ்டர்னுக்கும் (கௌபாய் படத்துக்கும்) இத்தாலிய வெஸ்டர்னுக்கும் என்ன உறவு என்ற விவாதத்துக்கு அங்கேயே வழி பிறக்கும். (கதை அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ'வினுடையது. அனுமதி கேட்காமல் எடுத்ததால் வழக்கு வந்தது; அமெரிக்காவில் படம் 1967-இல்தான் வெளியானது.)

உதட்டசைவு பேச்சோடு ஒட்டவில்லை என்று யாராவது கட்டாயம் முறைப்பாடு செய்வார்கள். அது பிரதியின் பிழையல்ல. அந்தக் கால இத்தாலியில் படப்பிடிப்புத் தளத்து ஒலியைப் பயன்படுத்துவதில்லை. ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் இத்தாலியனிலும் இன்னொருவர் ஸ்பானிஷிலும் பேசி நடிப்பார்கள். பேச்சு, காலடி, குதிமுள் கிலுக்கம், வெடி எல்லாம் பிறகு ஒலிப்பதிவு அறையில் சேர்த்தவை. எல்லா ஒலியையும் கையால் வைக்க வேண்டியிருந்ததால், எதை வைக்காமல் விடுவது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். லியோனே படத்து மௌனங்கள் அப்படி வந்தவை.

காட்சியிலும் வறுமை கைகொடுத்தது. லியோனே பயன்படுத்திய 'டெக்னிஸ்கோப்' படப்பிடிப்பு முறையில் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) படச்சுருள் ஓரத்தில் வழக்கமான நான்கு துளைகளுக்குப் பதில் இரண்டு துளை உயரம்தான். 1000 அடிச் சுருள் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும். படச்சுருள் செலவு பாதி. அகலத்திரைக்கு மற்றவர்கள் பயன்படுத்திய, காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அனமோர்ஃபிக் வில்லையைக் கிட்டக் கொண்டுபோனால் முகம் ஊதிப்போகும். டெக்னிஸ்கோப்புக்குச் சாதாரண வில்லையே போதும் என்பதால் கண்ணிமை வரை நெருங்கலாம். அந்தப் பெயர்பெற்ற கண் குளோசப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். சிறிய சட்டத்தைப் பெரிதாக்குவதால் படத்தில் மணல் தூவியது போலத் துகள் தெரியும். அதைத் துடைத்து வழுவழுப்பாக்கிய பிரதியில் முகங்கள் மெழுகுபொம்மையாகிவிடும், வாங்காதீர்கள்.

'ஃபோர் எ ஃப்யூ டொலர்ஸ் மோர்' (1965) கடைசிச் சண்டையை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வில்லன் இந்தியோ ஒரு இசைச் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திறக்கிறான். மணியோசை நின்றதும் சுடலாம். ஓசை மெல்ல மெல்லச் சாவி தீர்ந்து தளர்கிறது. துவக்கு கையில் இல்லாத கர்னல் மோர்ட்டிமரின் கதை அதோடு முடியப்போகிறது. நிற்கும் தறுவாயில் அதே மெட்டு இன்னொரு இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. இரண்டாவது கடிகாரம் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில். ஆட்டம் திரும்பிவிட்டதைப் பார்க்குமுன் கேட்டுவிடுகிறோம்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) வாங்கும்போது நிமிடத்தைப் பாருங்கள். சுமார் 161 நிமிடம் என்றால் அமெரிக்கக் கொட்டகைப் பிரதி. 179 என்றால் 2003-இல் விட்ட காட்சிகளைச் சேர்த்தது. அந்தக் காட்சிகளுக்கு ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் முதுமையில் மீண்டும் குரல் கொடுத்தார்கள். மூன்றாவது நடிகர் லீ வான் கிளீஃப் 1989-இலேயே காலமானதால் அவருக்கு வேறொருவர். முப்பத்தைந்து வயது முகத்திலிருந்து எழுபது வயதுக் குரல் வரும், காதில் இடிக்கும். ஒலித்தடத்தில் 'மோனோ' (ஒரே வழி ஒலி) இருந்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். 5.1 என்னும் பலவழி ஒலித் தடத்தில் பழைய வெடிச்சத்தங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்திருக்கிறார்கள். பழைய வெடிக்கு இருந்த எதிரொலி அதில் இல்லை. 2014-இல் வந்த புளூ-ரேயில் மஞ்சள் காமாலை பிடித்தது போல எல்லாம் மஞ்சள்.

தொலைக்காட்சியில் மூன்றைத் திருத்தினால் போதும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சினிமா நாடகத் தொடர் போலாகும். ஒலியைச் சமன்செய்யும் 'இரவு' அமைப்பையும் நிறுத்துங்கள். அது ஈயின் இரைச்சலையும் வெடியையும் ஒரே மட்டமாக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் அகலத்தில் கால்வாசி போகும்; இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே நிற்பவர்கள் இருவரும் வெட்டுப்பட்டு, நடுவில் வெறும் புழுதியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யின் கடைசிச் சண்டை நடக்கும் சாட் ஹில் சேமக்காலை ஸ்பெயினில் புர்கோஸ் பக்கம் இருக்கிறது. ஸ்பானிய இராணுவத்தினர் 5000-க்கும் மேற்பட்ட போலிக் கல்லறைகளை அமைத்தார்கள். பிறகு புல் மூடிப்போன அந்த இடத்தை 2015 முதல் ரசிகர் சங்கம் ஒன்று மண்வெட்டியோடு போய் மீட்டெடுத்தது. சிறுதொகை கொடுத்தால் ஒரு சிலுவையில் உங்கள் பெயரை எழுதுவார்கள். நன்கொடை சேர்க்க இப்படியும் ஒரு வழி உண்டென்று நம் பொருளாளருக்குச் சொல்லிவைக்கிறேன்.

'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) போடுகிற அன்று மட்டும் வடையும் தேநீரும் படம் தொடங்குமுன்னே முடிந்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடமும் இசை இல்லை. எண்ணெய் காணாத காற்றாலை கிரீச்சிடுகிறது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. ஒருவன் விரலில் நெட்டி முறிக்கிறான். ஒருவன் முகத்தில் ஊர்ந்த ஈ அவன் துவக்குக் குழலுக்குள் மாட்டி இரைகிறது. அந்த நேரம் கடதாசிப் பையைச் சரசரக்கிறவரை, எந்த ஆண்டுப் பிரிவாக இருந்தாலும், மண்டபத்துக்கு வெளியே அனுப்புங்கள். ரயில் வந்து போன பிறகு, தண்டவாளத்துக்கு மறுபக்கத்திலிருந்து ஹார்மோனிக்கா கேட்கும். அதற்குப் பிறகு அவரை உள்ளே விடலாம்.