ஹீட்டருக்குள் கூடு இருந்தால்

அரிசோனாவின் டூசானில் அக்டோபர் பிறந்துவிட்டால் ஹீட்டர் பழுதுபார்க்கும் எங்கள் தொலைபேசிக்கு ஓய்வில்லை. இரவுகள் குளிரத் தொடங்கும். வசந்தத்தின் முடிவில் அணைத்து வைத்த, எரிவாயுவில் ஓடும் நீச்சல்குள ஹீட்டரை மறுபடி பற்றவைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைப்பார்கள். இடையில் போன மாதங்களில் அந்தத் தகரப் பெட்டி சும்மா இருந்ததாக அவர்கள் எண்ணம். நிழலும் மறைவும் அரிதான பாலைவனத்தில் அப்படி ஓர் இடத்தை எந்த உயிரும் விட்டுவைக்காது.

இங்கே அதிகம் குடியேறுவது பேக்ரேட் என்னும் காட்டு எலி. கள்ளியின் முள் துண்டுகள், சுள்ளி, நாய் எச்சம், பளபளக்கும் குப்பை என்று கிடைப்பதையெல்லாம் இழுத்து வந்து குவிக்கும். அந்தக் குவியலில் மனித ரத்தம் குடிக்கும் முத்தப் பூச்சியும் சேர்ந்து வாழும். சுண்டெலிக்கோ கால் அங்குல ஓட்டை போதும். தீ எரியும் பாகமான பர்னரின் வாயு நுழையும் சின்னத் துளைகளிலும் குழாய்களிலும் சிலந்தி வலை பின்னும். கண்ணுக்கே தெரியாத அந்த வலை தீயைப் பின்னோக்கித் திருப்பிவிடும்.

கூடு என்றால் அசுத்தம், சுத்தம் செய்தால் சரி என்றே வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். என் கவலை காற்றைப் பற்றியது. ஒரு கன அடி இயற்கை எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன அடி காற்று வேண்டும். மணிக்கு 4 லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) திறனுள்ள ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் சுமார் 400 கன அடி வாயுவை எரிக்கும். அப்படியானால் 4,000 கன அடி காற்று கீழிருந்து ஏறி, மேலே இருக்கும் செம்புக் குழாய்களின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே புகுந்து வெளியேற வேண்டும். அந்தத் தகடுகளின் மேல் ஒரு கூடை சுள்ளி கிடந்தால் என்ன ஆகும்? நீலமாக நிற்க வேண்டிய தீ மஞ்சளாகும், கரி படியும், படிந்த கரி வழியை இன்னும் அடைக்கும். போக இடமில்லாத தீ முன்பக்கமாக வெளியே நாக்கை நீட்டும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு பெருகும். 2013-ல் வட கரோலினாவின் பூன் நகரில் ஒரு ஹோட்டலின் நீச்சல்குள ஹீட்டரிலிருந்து கசிந்த அந்த வாயு, ஒரே அறையில் தங்கிய மூன்று பேரின் உயிரைப் பறித்தது. ஏப்ரலில் ஒரு முதிய தம்பதி, ஜூனில் ஒரு சிறுவன். அங்கே காரணம் எலி அல்ல, அரித்துப்போன புகைக்குழாய். ஆனால் வெளியேற வேண்டிய புகை வழி தவறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஹீட்டரைத் திறக்கும் முன்பே அதைச் சுற்றி நடந்து பார்ப்பேன். முன் தகட்டில் பெயிண்ட் கருகியிருக்கிறதா, தரையில் புழுக்கை கிடக்கிறதா, மூத்திர நெடி அடிக்கிறதா, பக்கத்தில் ஜன்னல் எவ்வளவு தூரம் என்று கவனிப்பேன். வாயு வால்வையும் மின்சாரத்தையும் நிறுத்தியபின்தான் திருகாணியில் கை வைப்பேன்.

உள்ளே கூடு தெரிந்தால் துடைப்பமும் கூடாது, வாக்குவம் கிளீனரும் கூடாது. 1993-ல் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில் ஹாண்டா வைரஸ் இளம் வயதினரைக் கூடச் சில நாட்களில் மூச்சுத் திணறிச் சாகவைத்தது. எலியின் எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் அதுவே நோயைச் சுமக்கும். கையுறையும் நல்ல முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டுத்தான் அள்ள வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இந்த ஐந்து நிமிடத்தில்தான் பொறுமை இழப்பார்கள். அவர்களை நான் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வேன்.

ஒரு வீட்டை மறக்க முடியவில்லை. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னப் பைலட் தீயின் சூட்டிலேயே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரம் உண்டாகி வால்வைத் திறந்து வைக்கும் பழைய மாடல். மேல் மூடியைக் கழற்றினால் அடை அடையாகச் சுள்ளி, அடியில் கரி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒயர்களில் இருந்தது. அதிக சூட்டைக் கண்டதும் அணைக்க வேண்டிய ஸ்விட்சுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கிறது. எனக்கு முன் வந்த யாரோ அந்த ஸ்விட்சையே விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் முறுக்கி இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாதுகாப்பு ஸ்விட்சுகள் எல்லாம் ஒரே தொடரில் இருப்பதற்குக் காரணமே ஒன்று அறுந்தாலும் தீ அணைய வேண்டும் என்பதுதான். கடித்த எலி ஹீட்டரை நிறுத்தியது. சரிசெய்ய வந்த மனிதர் அதை ஆபத்தாக்கினார்.

வீட்டுப் பெரியவர் கெஞ்சினார். நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அந்த நான்கு நாளுக்கு மட்டும் ஓடட்டும் என்றார். குளத்தை ஒட்டியே அந்தப் பிள்ளைகள் படுக்கும் அறையின் ஜன்னல். வாயுவை மூடி, ஹீட்டரை ஓட்டக் கூடாது என்று சொல்லும் சிவப்பு அட்டை கட்டி, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். கரி அடைத்த தகடுகளையும் இற்றுப்போன பர்னர்களையும் மாற்றும் செலவு புதிய ஹீட்டரின் விலையை நெருங்கும் என்று கணக்குப் போட்டும் காட்டினேன். அவர் கோபமாகத்தான் கதவைச் சாத்தினார். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அதற்காக அட்டையை அவிழ்க்க முடியாது.

பறவைக் கூடு வேறு கதை. அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை அனுமதியின்றிக் கலைப்பது குற்றம். வீட்டுச் சிட்டுக்குருவியும் மாடப்புறாவும் அதில் சேராது. மோர்னிங் டவ் என்னும் காட்டுப் புறாவும் ஃபின்ச் என்னும் சிறு பறவையும் சேரும். குஞ்சு பறக்கும்வரை வாயுவை மூடி வையுங்கள் என்று சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. எலிக்குக் காட்டாத பரிவைப் பறவைக்குக் காட்டுவார்கள்.

தடுக்க வழி உண்டு. வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை சில நிமிடம் ஹீட்டரை ஓட்டினால் எலி அங்கே நிலைகொள்ளத் தயங்கும். ஆனால் அதற்கு முன் உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். சுற்றிலும் புதர் மண்டவிடாதீர்கள், விழுந்த ஆரஞ்சுப் பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். காற்றுத் திறப்புகளில் கொசுவலை போன்ற நுண்ணிய வலையைக் கட்டிவிடாதீர்கள், அதுவும் காற்றை அடைக்கும். பற்றவைக்க வரும் ஆள் முன்பக்கத்து மூடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் தீக்குச்சியை எடுத்தால், மேல் மூடியையும் கழற்றச் சொல்லுங்கள்.