ஆடாசிட்டியில் ஹம் வேட்டை

குரல் பதிவின் அடியில் ஓயாமல் ஓடும் ஹம் என்ற மின்சார ரீங்காரத்தைக் காதை மட்டும் நம்பி ஈக்வலைசரில் குறைத்தால், சத்தத்தோடு குரலின் கனமும் போய்விடுகிறது. எந்த அதிர்வெண் என்று தெரிந்துகொண்டே வெட்டுவோம் என்று இந்த முறை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று வரைந்து காட்டும் ப்ளாட் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தேன்.

பேச்சு இல்லாத இடைவெளியை மட்டும் தேர்ந்தெடுத்தேன். பேச்சும் சேர்ந்தால் ஹம்மின் முனைகள் அதற்குள் புதைந்துவிடும். சைஸை (ஒரு தடவையில் அலசும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 வைத்தபோது இடது ஓரத்தில் ஒரு மொத்தையான மேடுதான் தெரிந்தது. கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது: ஒரு நொடிக்கான மாதிரிகள் 44100, அதை 1024-ஆல் வகுத்தால் 43. அதாவது 43 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்கான 100-ஐயும் அதில் எங்கே பிரித்துப் பார்ப்பது? 16384-க்கு மாற்றியதும் புள்ளிக்குப் புள்ளி 2.7 ஹெர்ட்ஸ். தாழ்ந்த அதிர்வெண்கள் விரிந்து தெரியும்படி ஆக்ஸிஸை லாக் ஆக்கியதும் 50, 100, 150 என்று ஊசிகள் தனித்தனியாக எழுந்து நின்றன. (மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் 60, 120, 180-இல் தேட வேண்டும்.) 65536 இன்னும் நுணுக்கம்தான், ஆனால் அதற்கு ஒன்றரை நொடி மௌனமாவது வேண்டும். நான் பேசுகிற வேகத்தில் அது கிடைப்பது அபூர்வம்!

உயரமாக நின்றது 50 இல்லை, 100. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் என்பதால் சார்ஜர் மேல் சந்தேகம் வந்தது. அதைக் கழற்றிவிட்டு வெறும் அறையைப் பதிவு செய்து பார்த்தேன். 100-இல் இருந்த ஊசி இரைச்சல் மட்டத்துக்கே இறங்கிவிட்டது. சரி, இனிமேல் பேட்டரியில்தான் பதிவு.

பழைய பதிவுக்கு, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர். வெட்டு எவ்வளவு குறுகல் என்பதைத் தீர்மானிக்கும் எண் க்யூ. 100-இல் க்யூ 1 வைத்தால் வெட்டின் அகலமும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. க்யூ 10 வைத்தால் அகலம் 10 ஹெர்ட்ஸாகச் சுருங்குகிறது. 50, 100, 150 மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டேன். ஹம் ஏறக்குறைய போய்விட்டது, குரல் மெலியவில்லை. ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டால் 200-இல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பேச்சு ஓடும்போது அது கேட்கவில்லை என்பதால் தொடாமல் விட்டிருக்கிறேன்.

அடுத்து ‘ஸ’ ஒலியின் சீறல். அது வந்து வந்து போவதால் ப்ளாட் ஸ்பெக்ட்ரத்தின் சராசரிப் படத்தில் கரைந்துவிடுகிறது. அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால்தான் பிடிபடும்.