இம்ப்ராவ் பழகுவோருக்கு: வகுப்பு எவ்வளவு, பயிற்சி எவ்வளவு?

எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், பார்வையாளர் சொல்லும் ஒரு சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு மேடையிலேயே காட்சியை உருவாக்கும் இம்ப்ராவ் நகைச்சுவையைக் கற்பதற்கு, அந்தக் கலை வளர்ந்த சிகாகோவில் வேலை நிமித்தம் வசிப்பது எனக்கு வசதியாக அமைந்தது. அந்த வசதியே ஒரு தொல்லையும்கூட. எந்த மாலையிலும் எங்காவது ஒரு வகுப்போ, பயிற்சிக் குழுவோ, யாரும் மேடையேறலாம் என்னும் ஜாம் நிகழ்ச்சியோ இருப்பதால், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள். தொடக்க நிலையில் வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒரு பயிற்சி, இயன்றால் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்பது, இவ்வளவு போதும் என்பது என் கருத்து.

வீணை பழகுபவர் வீட்டில் தனியே அமர்ந்து வரிசைகளை வாசித்துத் தேறலாம். இம்ப்ராவில் எதிரே ஆள் வேண்டும், அதோடு வெளியிலிருந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். இதை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களில் ஒருவர் வயோலா ஸ்போலின். 1930களின் இறுதியில் சிகாகோவில் குழந்தைகளுக்கும் குடியேறிய மக்களுக்கும் நாடகம் கற்பித்தபோது அவர் வகுத்த விளையாட்டுகளே இன்றைய வகுப்புகளுக்கு அடித்தளம். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் செகண்ட் சிட்டி அரங்கை நிறுவியவர்களுள் ஒருவர். ஸ்போலின், காட்சி முடியும்வரை காத்திருக்காமல், அது நடந்துகொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து குரல் கொடுத்து நடிப்பவரின் கவனத்தைத் திருப்புவார். வகுப்புத் தோழர்கள் தாங்களாகவே கூடும் பயிற்சிக் குழுவில் இல்லாமல் போவது இந்தக் குரல்தான். யார் சிரிப்பை வாங்குகிறாரோ அவரை மற்றவர்கள் பின்பற்றத் தொடங்குகிறார்கள். அவரை நன்கு அறிந்தவர்கள் என்பதாலேயே அந்தச் சிரிப்பு வந்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை. சில வாரங்களில் பயிற்சி அரட்டையாகிவிடும். ஆகவே ஏழெட்டுப் பேர் சேர்ந்து, அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவருக்குக் கட்டணத்தைப் பகிர்ந்து கொடுப்பது, இரண்டாவது வகுப்பில் சேர்வதைவிடச் செலவும் குறைவு, பயனும் அதிகம்.

ஒரே காலத்தில் இரண்டு இம்ப்ராவ் பள்ளிகளில் படிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொன்றின் வழியும் வேறு. கனடாவின் கால்கரியில் 1977இல் லூஸ் மூஸ் அரங்கைத் தொடங்கிய கீத் ஜான்ஸ்டன், புத்திசாலித்தனத்தைக் காட்ட முயலாமல் மனத்தில் முதலில் தோன்றும் எளிய விஷயத்தையே செய்யச் சொன்னவர். பாத்திரங்களுக்குள் யார் மேல், யார் கீழ் என்பது ஓயாமல் மாறுவதில் அவர் நாடகத்தைக் கண்டார். சிகாகோவில் இம்ப்ராவ் கற்பித்த டெல் குளோஸ் என்பவரின் வழியில் வந்த ஆசிரியர்கள், பல காட்சிகளைப் பின்னிச் செல்லும் ஹரால்ட் என்ற நீண்ட வடிவத்தை நோக்கி மாணவரைக் கொண்டு செல்வார்கள். அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் என்ற நகைச்சுவைக் குழுவின் பாணியிலோ, காட்சியில் முதலில் தென்படும் விசித்திரத்தைக் கண்டுபிடித்து அதையே மேலும் மேலும் பெரிதாக்க வேண்டும். எல்லாமே சரியான வழிகள்தான். ஆனால் திங்களன்று ‘அவசரப்படாதே’ என்றும் புதனன்று ‘விசித்திரம் எங்கே?’ என்றும் கேட்டவர், மேடையில் எதிரே பேசுபவரைக் கவனிக்க வேண்டிய நொடியில், எந்த விதி இங்கே பொருந்தும் என்று மனத்துக்குள் தேடிக்கொண்டிருப்பார்.

வகுப்பில் கிடைக்கும் குறிப்புகள் ஐந்தாறு இருந்தாலும், அவற்றில் ஒன்றை மட்டுமே நான் அந்த வாரப் பயிற்சிக்கு எடுத்துச் செல்கிறேன். ‘கேள்வியாகவே கேட்காமல் தகவல் கொடு’ என்பது குறிப்பானால், அன்றைய எல்லாக் காட்சிகளிலும் அது ஒன்றுதான் வேலை. மற்றவை கெட்டாலும் கெடட்டும். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனத்தில் கோத்துவிட்டுப் பேசும் பழக்கம் தமிழர்களுக்கு இங்கே கூடுதல் இடைஞ்சல் என்பதால், தமிழ் நண்பர்கள் இருவருடன் அவ்வப்போது தமிழிலும் காட்சி செய்துபார்க்கிறேன். வேகம் கூடுகிறது. அதே வேகத்தில் மாமியாரும் கல்யாணத் தரகரும் அழையாமலே வந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தனியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும் கைவேலை. காலையில் உண்மையாகவே ஃபில்டர் காபி போட்டுவிட்டு, உடனே வெறுங்கையால் அதையே மறுபடி செய்ய வேண்டும். ஃபில்டரின் மேல்பாகத்தைக் கழற்றும்போது இடது கை எதைப் பிடித்திருந்தது, டம்ளரின் சூட்டுக்கு விரல்கள் எந்த விளிம்புக்கு நகர்ந்தன, ஆற்றும்போது டபரா எவ்வளவு தாழ்ந்தது என்பதெல்லாம் அப்போதுதான் கவனத்துக்கு வரும். மேடையில் கையில் ஏதேனும் வேலை இருந்தால், அடுத்து என்ன பேசுவது என்ற பதற்றம் வெகுவாகக் குறைகிறது.

வகுப்புகள் நிலை நிலையாக நடக்கின்றன; ஒரு நிலை பெரும்பாலும் எட்டு வாரங்களில் ஒரு சிறு மேடை நிகழ்ச்சியுடன் முடியும். அந்த உற்சாகத்திலேயே பலர் அடுத்த நிலைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். நான் இடையில் ஒரு சுற்று விட்டுவிட்டுச் சேர்கிறேன். பயிற்சிக் குழு மட்டும் தொடர்கிறது, ஜாம் மேடைகளுக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். இடைவெளி அதற்கு மேல் நீண்டால், குழுவில் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிடுகிறார்கள்.