என் முறை, உன் முறை
தனிப் பயிற்சியில் நன்றாகத் தேறிய என் மகன், இன்னொரு குழந்தை அருகில் வந்தாலே காதைப் பொத்திக்கொள்வான். அதனால்தான் ஜூன் முதல் ஆட்டிசம் உள்ள நான்கு பிள்ளைகளுக்கான குழுப் பயிற்சி. வட்டமாக உட்கார்ந்து பந்து உருட்டுவார்கள். ‘என் முறை’, ‘உன் முறை’ என்று இரண்டு பட அட்டைகள். முதலில் ஆசிரியை அவன் கையைப் பிடித்து உருட்ட வைத்தார். பிறகு முழங்கையை லேசாகத் தொட்டார். இப்போது கண்ணால் காட்டுவதோடு சரி. உதவியை இப்படிப் படிப்படியாகக் குறைப்பதுதான் இதன் உயிர்.

‘விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?’ என்கிறார்கள் உறவினர்கள். காத்திருக்கக் கற்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பாடம் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது!

நேற்று எதிரே இருந்த சிறுமி பந்தை மடியிலேயே வைத்துக்கொண்டாள். இவன் அழவில்லை, எழுந்து ஓடவில்லை. ‘என் முறை’ அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் உருட்டினாள். பயிற்சி அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாக்கள் நாங்கள் நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.