நடுக்கம்பி சொன்ன கதை

நாங்கள் பனியில் சறுக்கப் போகும் சின்ன மலையில் இருக்கும் சேர்லிஃப்ட், அதாவது ஓடும் வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மேலே ஏற்றும் அமைப்பு, வேறொரு மலையிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. எங்கிருந்து என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

முதல் தடயம் நாற்காலியே. இருவர் உட்காரும் அதில், தொங்கும் கம்பி பக்கவாட்டில் இல்லாமல் இரண்டு பேருக்கும் நடுவில் இறங்குகிறது. அப்புறம் வடத்தைப் பார்த்தேன். வெளியே கவ்விப் பிடிக்கும் பிடி எதுவும் இல்லை. வடத்தின் புரிகளைப் பிரித்து உள்ளே செருகிய கிளிப்தான் நாற்காலியைத் தாங்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் அது ரிப்லெட். அமெரிக்காவின் ஸ்போகேனில் இருந்த சேர்லிஃப்ட் நிறுவனம். சுரங்கத் தாது இறக்கும் கம்பிவடங்கள் கட்டிய பைரன் ரிப்லெட்டிலிருந்து தொடங்கிய பெயர் அது. 2003இல் மூடிவிட்டார்கள்.

சரி, முதலில் எந்த மலையில் நின்றது? வடத்தைத் தாங்கும் கோபுரங்களில் இருந்த பழைய எண்களை நடந்தே குறித்தேன். 8க்கு அடுத்து 13. இடையில் நான்கு கோபுரங்கள் இல்லை! அப்படியென்றால் பழைய மலை இதைவிட நீளமானது. 13ஆம் கோபுரத்தில் பச்சைப் பெயின்ட் உரிந்த இடத்தில், அடியில் மஞ்சள் தெரிந்தது. அதைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மஞ்சள் கோபுரங்கள் உள்ள பழைய புகைப்படங்களைத்தான் இப்போது ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.