ஏலமலையில் அடி இறக்கம்: சிகிச்சைக்குச் சென்று வந்த அனுபவம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் திருமணமான நாள் முதல் வேலை செய்து வருகிறேன். ஏலச்செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில்தான் காய் பிடிக்கும் என்பதால், எடுப்புக் காலத்தில் நாள் முழுவதும் குந்தியே இருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஒவ்வொரு பேறுகாலத்துக்குப் பிறகும் உடம்பு தேறும் முன்பே மேட்டில் தண்ணீர் சுமந்த எனக்கு, மாதவிடாய் நிற்கும் தறுவாயில் அடிவயிறு கீழே இழுக்கத் தொடங்கியது. மாலையானால் சதை வெளியே வந்து நிற்பது கைக்குத் தட்டுப்பட்டது. இருமினால் சிறுநீர் கசிந்தது. கருப்பை இடம் நழுவிக் கீழே இறங்கும் இதைத்தான் அடி இறக்கம் என்கிறோம்.

துணியைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வரும் அக்காக்கள் எங்களிடையே உண்டு. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் அவர்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வந்து, முக்க முக்க இறக்கம் இன்னும் கூடுகிறது. இது எனக்கு இன்றும் தாங்க முடியாத வருத்தம்.

முதலில் காட்டிய தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, கருப்பையை எடுத்துவிடலாம், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். இறக்கம் எத்தனையாவது நிலையில் இருக்கிறது, வேறு வழி உண்டா என்ற பேச்சே எழவில்லை. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. அத்தகைய உத்தரவு ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு மலைப்பாதையில் நெடுந்தூரம் போக வேண்டும். கம்பம்மெட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கினால் தேனி பக்கம். குடும்ப அட்டை கேரளத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு எனக்குக் கிடையாது. ஆயினும் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆதாரைக் காட்டிப் புறநோயாளிச் சீட்டு வாங்க முடிந்தது. அங்கிருந்த பெண் மருத்துவர் இருமச் சொல்லியும் முக்கச் சொல்லியும் பொறுமையாகப் பார்த்து, மூன்றாம் நிலை இறக்கம் என்றும், யோனியின் முன்சுவரோடு சிறுநீர்ப்பையும் இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார். இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில்போல் விரிந்து கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்ததே காரணம் என்றும், தாங்கலைச் சீராக்காமல் கருப்பையை மட்டும் எடுத்தால் பின்னர் யோனியின் மேற்பகுதியே இறங்கக்கூடும் என்றும் அவர் விளக்கியபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது.

உடனே அறுவை வேண்டாமென்றால் சிலிக்கோன் வளையம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெஸ்ஸரி எனப்படும் அந்த வளையத்தை வைத்தபின், குந்தவும் நடக்கவும் இருமவும் சிறுநீர் கழித்துவிட்டு வரவும் சொன்னார். முதல் வளையம் குந்தியதுமே நழுவிவிட்டது. அடுத்த அளவு நின்றது. கூடவே, 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதி வெளியிட்ட பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார்: சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, பிறகு தளர்த்த வேண்டும். நான் வயிற்றையும் சேர்த்து எக்கியபோது, அங்கே கைவைத்து, இது அசையக் கூடாது, மூச்சும் நிற்கக் கூடாது என்றார். இந்த அளவு இறங்கிய கருப்பையைப் பயிற்சி மட்டும் மேலேற்றிவிடாது. ஆனால் கசிவு நன்றாகக் குறைந்தது.

எடுப்புக் காலம் முடியும்வரை வளையத்தோடு சமாளித்துவிட்டு, யோனி வழியாகக் கருப்பையை அகற்றி முன்சுவரையும் தாங்கலையும் தைக்கும் அறுவையை நானே கேட்டுச் செய்துகொண்டேன். முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். வயிற்றில் தழும்பு இல்லை. வீடு திரும்பிய பிறகுதான் கடினம். பல வாரங்களுக்குக் குடம் தூக்கக் கூடாது என்பதை மருத்துவர் என் கணவரையே உள்ளே அழைத்துச் சொன்னார். அதன்பின் அவரே தண்ணீர் சுமந்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சிலர் கேலி பேசியதை அவர் பொருட்படுத்தவில்லை.

இப்போது பக்கத்து லயத்து அக்காவையும் அதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். இதயக் கோளாறு இருப்பதால் அவருக்கு அறுவை வேண்டாம், வளையமே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வளையம் சதையை அழுத்திப் புண்ணாக்கிவிடும் என்பதால், அந்தத் தேதிகளில் நானும் வேலையை விட்டு அவரோடு ஜீப்பில் இறங்கிவிடுகிறேன்.